அலை பாட்டில்காரர்

ஆறு வருஷம் அவரோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அதில் முதல் ஐந்து வருஷம் அவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. வந்திருந்தால் என் காதில் விழாமல் போயிருக்காது. அவர் பேசுவதை ஜப்பானிய மொழியில் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மறைமலை நகரில் கார்களுக்கு ரப்பர் சீல் செய்கிற கம்பெனி. காரில் தண்ணீர்க் குழாய்கள் சேரும் இடத்தில் ஒழுகாமல் பிடித்து வைக்கிற கறுப்பு வளையம், உள்ளங்கையில் பத்து அடங்கும். கம்பெனியில் பாதிப் பங்கு ஜப்பான்காரர்களுடையது என்பதால் அவர்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். நான் குரோம்பேட்டையில் மாலை வகுப்பில் அந்த மொழியைப் படித்து, இரண்டு பரீட்சை பாஸ் பண்ணி, மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். அவர் சீல்களை ஓவனில் வேகவைக்கும் பகுதிக்குச் சூப்பர்வைசர். ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், முழுக்கைச் சட்டையை இரண்டே மடிப்பு மடித்துவிட்டிருப்பார். யாராவது கேள்வி கேட்டால் கொஞ்சம் முன்னால் சாய்வார். அந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்த மாதிரி இருக்கும்.

அவரை எனக்குப் புரிந்தது தாம்பரத்தில், கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு காலையில். ஜி.எஸ்.டி. ரோட்டில் மேற்குத் தாம்பரம் பக்கம் நிற்கிறோம். பெரிய பெட்டியோடு ஒருவர் வந்து, "சார், முடிச்சூர் பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டார். இவர் முன்னால் சாய்ந்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, சப்வேயில் இறங்கி ஏறி, இடதுபுறம் ஒரு ஜூஸ் கடை, அதை ஒட்டி நின்றால் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று அழகாகச் சொன்னார். வந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, கிழக்கே போனார்.

"சார், முடிச்சூர் இந்தப் பக்கம்தானே?" என்றேன்.

"இருக்கும்மா. நான் செம்பாக்கம். எனக்கு இந்தப் பக்கம் அவ்வளவா பழக்கமில்ல."

"அப்புறம் ஏன் சார் அங்க அனுப்பினீங்க?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "பாவம்மா. அவ்வளவு பெரிய பெட்டியோட வந்து கேக்கறாரு. வெறுங்கையோடயா அனுப்பறது?"

இதில் கிண்டலே இல்லை. வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுப்பது போல, கேட்டவருக்குப் பதில் கொடுத்தாக வேண்டும். காபியில் சர்க்கரை சரியா என்பது இரண்டாம் விஷயம்.

அவரைப் பொய்க்காரர் என்று யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லமாட்டேன். தாமதமாக வந்தால், "தூங்கிட்டேன் சார்" என்று மேனேஜரிடம் நேராகச் சொல்வார். தனக்காக ஒரு வார்த்தை மாற்றிப் பேசமாட்டார். தாராளம் எல்லாம் பிறருக்குத்தான். கேன்டீன் அக்காவின் முழங்கால் வலிக்கு மருந்து, டிரைவர் மகளுக்கு எந்தக் காலேஜில் எந்தக் குரூப் நல்லது, மழை எப்போது விடும், எல்லாமே அவரிடம் இருந்தது. கேட்டவர்கள் நிம்மதியாகப் போனார்கள். பாதி நேரம் அது சரியாகக்கூட இருந்தது. அதனால்தான் கேட்பதை யாரும் நிறுத்தவில்லை.

அந்தப் பாட்டில் அவரிடம் வந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். நான் சேர்ந்த இரண்டாம் வருஷம், இங்கே மூன்று வருஷம் இருந்த ஒரு ஜப்பானிய இன்ஜினியர் ஊருக்குத் திரும்பினார். போகும்போது வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மேனேஜருக்கு ரைஸ் குக்கர், எனக்கு ஒரு குடை, இவருக்கு ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில். "நான் கேட்ட எதற்கும் இந்த மனிதர் பதில் சொல்லாமல் இருந்ததில்லை" என்று அவர் சொன்னதை நானே மொழிபெயர்த்தேன். இவர் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

ஊற்றியது ஊற்றியபடி சூடாக இருக்கும் இரட்டைச் சுவர் பாட்டில். வெளியே சுற்றி ஒரு படம். பழைய காலத்தில் மரக்கட்டையில் செதுக்கி மை தடவி அச்சடித்த ஜப்பானியப் படம். நம் ஊரில் காலண்டர் முருகன் மாதிரி அங்கே டீக்கடைத் திரையிலிருந்து பனியன் வரைக்கும் இருக்கும். நீலத்தில் மாபெரும் அலை ஒன்று நுரை விரலை விரித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. அதன் கீழே நீளநீளமாக மூன்று படகுகள். படகோட்டிகள் தலையைக் குனிந்து துடுப்பைப் பிடித்தபடி வரிசையாகப் படுத்த மாதிரி இருக்கிறார்கள். வெகு தூரத்தில், அலையின் மடிப்புக்குள், ஒரு சின்ன வெள்ளை மலை.

அவர் அதில் தினமும் சீரகத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டு வருவார். ஓவன் பகுதியின் கண்ணாடி அறைக்கு வெளியே ஒரு பலகையில் வைப்பார். பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கேட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாட்ச்மேனிடம் அது சுனாமி. பழனிக்கு மாலை போட்டிருந்த ஃபிட்டரிடம், மலைமேல் அவர்களுடைய முருகன் இருக்கிறார், இவர்கள் படகிலே போய்க் கும்பிடுகிறார்கள். கோவளத்திலிருந்து வந்த ஒரு பையனிடம், இவர்களும் மீனவர்கள்தான், மத்தி பிடிக்கப் போகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள், "சார், அது ஃபூஜி மலை. அதுதான் அவங்க நாட்டுலயே பெருசு. அலை கிட்ட இருக்கறதால சின்னதா தெரியுது" என்றேன்.

"அதைத்தானம்மா நானும் சொல்றேன்" என்றார்.

மறுநாள் அவர் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாத்தா சின்னதா தெரியுதா? அதுதான் பெருசு. மூணு நாள் ஏறணும். மேல போயிட்டா போன் எடுக்காது."

ஓவனில் வேலை செய்தவர்களில் செல்வி என்று ஒரு பெண் இருந்தாள். கான்ட்ராக்ட் ஆள். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து பஸ் பிடித்து தாம்பரம் வந்து, அங்கிருந்து எங்கள் பஸ்ஸில் வருவாள். அவளுக்கு மலையில் அக்கறை இல்லை.

"சார், இந்தப் படகுல கீறவங்க பொழச்சாங்களா?" என்று கேட்டாள்.

"பொழச்சாங்க. அடுத்த படத்துல கரைக்கு வந்துடுவாங்க."

"அடுத்த படம் எதுல கீது?"

"அது பச்சை பாட்டில்ல வரும்."

செல்வி திருப்தியோடு டிரேயைத் தூக்கிக்கொண்டு போனாள். பச்சை பாட்டில் ஒன்று இருக்கிறது என்று நானே கொஞ்ச நாள் நம்பினேன்.

வாட்ச்மேன் ஒரு தடவை அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து, வெளியே சில்லென்று இருப்பதைப் பார்த்து, "உள்ள சூடா இருக்குமா சார்?" என்று கேட்டார். இவர் ஒரு ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல், "இருக்காது, குடிங்க" என்றார். வாட்ச்மேன் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். இரண்டு நாள் மோர்சாதம்தான் சாப்பிட்டார். அப்போது நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், வாட்ச்மேனுக்கு வெண்ணெய் வாங்கிக் கொடுத்தார். அது சிரிக்கிற விஷயமா என்று யாரும் நின்று யோசிக்கவில்லை.

மோரி சான் முதல் தடவை வந்தபோது சூப்பர்வைசருடைய மதிப்பு உச்சத்துக்குப் போனது. மோரி பெயர், சான் என்பது நம் சார் மாதிரி. ஜப்பானிலிருந்து தரம் பார்க்க வரும் பெரியவர். அதிகம் பேசமாட்டார். ஓவன் பக்கம் போகும்போது பலகையில் பாட்டிலைப் பார்த்து நின்றார். தன் ஊர் அந்தப் படத்தில் இருக்கும் கடற்கரைதான் என்றார். பிறகு என்ன தோன்றியதோ, "படகில் இருப்பவர்கள் ஏன் குனிந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று இவரிடம் கேட்டார்.

நான் தமிழில் கேட்டேன். உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் முன்னால் சாய்ந்தார்.

"அவங்க பயந்து குனியலம்மா. கடல் பெரியவரு இல்லையா. எதிர்ல பெரியவர் வர்றப்ப, நீங்க முன்னால போங்க ஐயான்னு ஒதுங்கி நிப்போமே, அந்த மாதிரி. அலை போனதும் நிமிருவாங்க."

சொல்வதைத் தவிர வழியில்லை. சொன்னேன். மோரி சான் பாட்டிலைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அறுபது வருஷமாக இந்தப் படத்தைப் பார்க்கிறேன். இப்படி நினைத்ததில்லை" என்றார். பிறகு இவருக்கு முன்னால் முறையாகக் குனிந்து வணங்கினார். இவரும் குனிந்தார். மேனேஜர் ஓடிவந்து போட்டோ எடுத்தார். அன்றிலிருந்து ஜப்பானிலிருந்து யார் வந்தாலும் இவரை முன்னால் நிறுத்தினார்கள். மீட்டிங்கில் எந்தக் கேள்வி வந்தாலும் பார்வை இவர் பக்கம் திரும்பும். கம்பெனிக்கு இவர் ரொம்ப வசதியாக இருந்தார்.

ஐந்தாம் வருஷக் கடைசியில் ஒரு பெட்டி சீல் திரும்பி வந்தது. கார்களில் பொருத்திச் சில மாதங்களில் விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் ஒழுகி, இன்ஜின் சூடேறி, வண்டிகள் ரோட்டில் நின்றிருந்தன.

இந்த மாதிரி நேரத்தில் நிரப்ப ஒரு படிவம் உண்டு. எந்தப் பகுதியில் தவறு நடந்தாலும் அதை நிரப்புவது இவர்தான். அதில் 'ஏன்' என்று தலைப்பிட்டு ஐந்து கட்டங்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. முதல் ஏனுக்குப் பதில் எழுதி, அந்தப் பதிலுக்கு ஏன் என்று கேட்டு, ஐந்தாவதில் மூலகாரணத்துக்கு வந்துவிட வேண்டும். ஐந்து கட்டத்தில் எதிலும் 'தெரியாது' என்று எழுத இடமில்லை. அதாவது, இடம் இருந்தது, வழக்கம் இல்லை. சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். இவர் பத்து நிமிஷத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

விரிசல் ஏன்? ரப்பர் சரியாக வேகவில்லை. ஏன்? ஓவனில் சூடு குறைந்திருக்கலாம். ஏன்? நேரம் முடியும் முன் ஆபரேட்டர் கதவைத் திறந்திருக்கலாம். ஏன்? அவசரமாக இருந்திருக்கலாம். ஏன்? பயிற்சி போதாமல் இருக்கலாம்.

கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் போட்டு மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, "என்னம்மா இது, ஒவ்வொரு வரியிலயும் இருக்கலாம், இருக்கலாம்னு? கஸ்டமர் சிரிப்பான். எல்லாத்தையும் எடுத்துடு" என்றார். எடுத்தேன். நான்கு வரியிலும் வால் போயிற்று. 'திறந்திருக்கலாம்' என்பது 'திறந்தார்' ஆயிற்று. மூன்று நிமிஷ வேலை. எடுத்த பிறகு வாக்கியங்கள் முன்பைவிட நன்றாக இருந்ததாகக்கூட நினைத்தேன்.

அந்தப் பெட்டியின் நம்பரைப் பார்த்தார்கள். அந்த ஷிஃப்டில் ஓவனில் நின்றவள் செல்வி. அடுத்த நாள் காலை மீட்டிங்கில், எல்லார் எதிரிலும், அவளை ஓரமாகக் கூப்பிட்டு, கான்ட்ராக்டரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். நானும் அவரும் அன்று கஸ்டமர் ஆபீசுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது ஓவனில் வேறு பெண் நின்றாள். எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. செல்வி லீவு என்று நினைத்தோம். அவர்தான் சொன்னார், அவளுக்கு ஜுரம் என்று.

மூன்று வாரம் கழித்து தாம்பரத்தில் அவளைப் பார்த்தோம். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, அவர் வீட்டுக்கும் நான் ரயிலுக்கும் போகக் கிழக்குப் பக்கம் வந்தபோது, மேடவாக்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். ஏதோ அபார்ட்மென்ட்டில் துப்புரவு வேலைக்கான நீலச் சட்டை போட்டிருந்தாள்.

"என்ன செல்வி, ஜுரம் விட்டுதா?" என்றார் இவர்.

"எனக்கு இன்னா ஜுரம்? நீங்கதான சார் எழுதிக் குடுத்தீங்க."

"என்னத்த?"

"கதவ சீக்கிரம் தொறந்துட்டேன்னு. கான்ட்ராக்டர் படிச்சிக் காட்டினாரே." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு வித்தியாசமாக இருந்தது. "பரவால்ல சார், வுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அவர் அங்கேயே நின்றார். "நான் அப்படியாம்மா எழுதினேன்? 'திறந்திருக்கலாம்'னுதானே எழுதினேன்?"

"ரிப்போர்ட்ல 'லாம்' வேணாம்னு மேனேஜர் சொன்னாரு சார்" என்றேன்.

அவர் பாட்டிலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். ஒருவர் வந்து பல்லாவரத்துக்கு எந்த பஸ் என்று கேட்டார். இவர் காதில் அது விழவே இல்லை.

அடுத்த வாரம் மோரி சான் வந்தார். மீட்டிங் அறையில் மேனேஜர், நாலு இன்ஜினியர்கள், இவர், நான். திரையில் அந்தப் படிவம். மூலகாரணம் ஆபரேட்டர், நடவடிக்கை ஆபரேட்டர் மாற்றம். மோரி சான் நெடுநேரம் படித்தார். பிறகு ஒரே கேள்வி கேட்டார். "அவர் கதவைத் திறந்ததைப் பார்த்தது யார்?"

நான் தமிழில் சொன்னேன். எல்லாரும் வழக்கம்போல இவரைப் பார்த்தார்கள். மேனேஜர் கண்ணாலேயே, சொல்லு, சொல்லிவிடு என்றார். இவர் பாட்டிலின் மூடியைத் திறந்தார். மூடியில் ஊற்றினார். குடிக்காமல் திரும்ப உள்ளே ஊற்றி மூடினார்.

"தெரியாது" என்றார்.

நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து, "சார்?" என்றேன்.

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லும்மா. யாரும் பாக்கல. நானும் பாக்கல. கட்டம் காலியா இருந்துது, எழுதினேன்."

ஜப்பானிய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று, எனக்குப் பிடிபடவில்லை என்கிற மாதிரி மெத்தென்று இருக்கும். ஆபீசில் அதைத்தான் சொல்வார்கள். இன்னொன்று மொட்டையானது. என்னிடம் அந்த விஷயம் இல்லை, அவ்வளவுதான். நான் மொட்டையானதை எடுத்தேன். இவர் சொன்னதும் அதுதான். தமிழிலேயே கேட்டுவிட்ட மேனேஜருக்கு முகம் சிவந்தது.

"அப்படியானால் ஏன் 'திறந்தார்' என்று உறுதியாக எழுதினீர்கள்?" என்றார் மோரி சான்.

இதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. உறுதியாக எழுதியவர் அவர் இல்லை என்று அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். மேனேஜர் மேஜையைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"தப்புதான்" என்றார். அவ்வளவுதான்.

மோரி சான் பைலை மூடினார். "நல்லது. இன்றிலிருந்து ஆரம்பிப்போம்" என்றார். மூன்று நாள் தன்னுடைய சொந்த வெப்பமானியோடு ஓவன் பக்கத்திலேயே இருந்தார். மூன்றாம் நாள் கண்டுபிடித்தார். ஓவனுக்குள் சூடு பார்க்கும் கம்பி தன் இடத்திலிருந்து நழுவி, சூடான காற்று வரும் வாய்க்கு நேராகப் போய் நின்றிருந்தது. வெளியே போர்டில் காட்டிய சூடு உள்ளே டிரேகளுக்குப் போகவில்லை. பல மாதமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. செல்வி நின்ற நாள், நிற்காத நாள் என்ற வித்தியாசமே கிடையாது.

அவளைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி உத்தரவு போயிற்று. கான்ட்ராக்டர், அவள் போன் எடுக்கவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை சூப்பர்வைசர் எனக்குப் போன் செய்தார். "நேர்ல போயிட்டு வரலாம்னு பாக்கறேன். நீயும் வர்றியாம்மா?" ஏன் என்னைக் கூப்பிடுகிறார் என்று நான் கேட்கவில்லை.

பெரும்பாக்கத்தில் எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி இருக்கும். கீழே கேரம் ஆடிக்கொண்டிருந்த ஒருவரிடம் இவர் செல்வியின் பிளாக் நம்பரைச் சொல்லி வழி கேட்டார். அவர் தலை நிமிராமல், "நேரா போயி கடைசில ரைட்டு" என்றார். வெயிலில் கடைசிவரை போனோம். அது இல்லை. திரும்பி வந்தோம். அவர் கேரம் ஆடிய இடத்துக்குப் பின்னாலேயே இருந்தது.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றார் இவர், எரிச்சலோடு. நாலைந்து அடி நடந்த பிறகு அவரே நின்று, கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

லிஃப்ட் ஓடவில்லை. ஆறு மாடி ஏறினோம். செல்வி நடையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. ஓவன் கம்பி நழுவியது, சீல் வேகாதது, அவள் மேல் தப்பே இல்லை என்பது, எல்லாவற்றையும் சொன்னார்.

செல்வி ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி கேட்டாள். பிறகு, "ஆனா நான் தொறந்தேன் சார்" என்றாள்.

"என்னது?"

"அன்னைக்கு ரெண்டு வாட்டி. ஒரு நிமிசம் முன்னாடி. மூஞ்சில அனல் அடிக்குது, கொஞ்சம் ஆறட்டும்னு. நீங்க கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னு பாத்துக்கினு இருந்தீங்கன்னு நெனச்சேன். அதான் நான் வாயே தொறக்கல. பாத்த மனுசன் எழுதறாரு, நம்ம இன்னா பேசறது?"

"நான் பாக்கலம்மா."

"அப்ப எப்டி தெரிஞ்சுது?"

"தெரியல. சும்மா எழுதினேன்."

அவள் துணியைக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள். திரும்பியபோது முகம் மாறியிருந்தது. அத்தனை வாரமாக இல்லாத கோபம் அப்போதுதான் வந்தது.

"பாக்காமலேயா எழுதினீங்க? ஒரு மாசமா சார், நான்தான் பண்ணேன்னு கீறேன். வண்டிலாம் ரோட்டுல நின்னுச்சுன்னு சொன்னாங்களே, அதுல கொழந்த குட்டி இருந்திருக்குமே, என்னாலதான்னு. சோறு எறங்கல. நீங்க பாத்தீங்கன்னுதான் சார் நான் ஒத்துக்கினேன்!"

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சொன்னேன், அவர் சந்தேகமாகத்தான் எழுதினார், அதை உறுதியாக மாற்றியது நான் என்று. செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் பாக்கல."

"பாக்கல."

அவள் கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். "வரேன். நாளைக்கே வரேன்" என்றாள். "ஆனா என்னப் போகச் சொன்னப்ப எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க. அதே மாரி எல்லார் முன்னாடியும் சொல்லணும். சொல்வீங்களா?"

"சொல்றேன்" என்றார். நல்லவேளை, அதற்கு அவர் முன்னால் சாயவில்லை.

அந்த மாசக் கடைசியில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். கடிதத்தில் நிர்வாகக் காரணங்கள் என்று இருந்தது. அங்கேயே ரிட்டயர் ஆனார். நான் அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன். ஸ்டோரிலும் அவர் முழங்கால் வலிக்கு மருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார் என்று கேள்வி. ரிஜிஸ்டரில் மட்டும், எண்ணிப் பார்க்காமல் எதையும் எழுதமாட்டாராம். இப்போது அவரை நினைத்தால் எனக்கு, செல்வி திரும்பி வந்த அந்தத் திங்கட்கிழமைதான் முன்னால் வந்து நிற்கிறது.

காலை மீட்டிங்கில் நாற்பது பேர் வரிசையாக நின்றார்கள். செல்வி முதல் வரிசையில், புதுத் தொப்பியோடு. மோரி சானுக்கு அன்று கடைசி நாள். அவர் ஓரமாக நின்றார், பக்கத்தில் நான். சூப்பர்வைசர் முன்னால் வந்தார். "செல்வி மேல நான் எழுதினது பாக்காம எழுதினது. அவங்க மேல தப்பில்ல. தப்பு என்னோடது" என்றார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவ்வளவோடு முடியும் என்று மேனேஜர் நினைத்தார். லைனை ஆரம்பிக்கக் கை காட்டினார்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மோல்டிங் பகுதியில் வேலை செய்யும் ஒரு நடுவயதுக்காரர். "சார், போன வருஷம் மோல்டு உடைஞ்சப்ப என் மேல எழுதினீங்களே, அது?"

அவர் யோசித்தார். "அதுவும் பாக்காம எழுதினதுதான்பா."

"அதுக்கு எனக்கு மெமோ குடுத்தாங்க சார்."

"தெரியும்பா. தப்புதான்."

பின்னாலிருந்து இன்னொரு கை உயர்ந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. லைனை ஆன் பண்ண வேண்டியவர் பொத்தான் பக்கமே போகவில்லை. மோரி சான் என் பக்கம் குனிந்து, என்ன கேட்கிறார்கள் என்றார். நான் சொன்னேன். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். கேட்ட ஒவ்வொருவருக்கும் சூப்பர்வைசர் நின்று பதில் சொன்னார். இது பார்த்து எழுதியது, இது பார்க்காமல் எழுதியது, இது ஞாபகமில்லை.

ஐந்தாவதாகப் பேசியது செல்வி. அவரிடம் இல்லை. தலையைத் திருப்பி, ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்து, "மேடம், நீங்களும் அங்க வந்து நிக்கணும் இல்ல?" என்றாள்.

நான் நகர்ந்தேன். நாற்பது பேருக்கு முன்னால் போய் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் எனக்கு இடம் விட்டு ஓர் அடி தள்ளி நின்றார். மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இல்லாமல், பேனாவைப் பிடித்தபடி, மோரி சான் காத்திருந்தார்.